படம் இருக்கிறது, விளக்கம் எங்கே?
இணைய அருங்காட்சியகங்களும் நம் வகுப்பின் மாற்றுத்திறன் மாணவர்களும்: ஒரு விமர்சனம்



சென்ற ஆண்டு என் ஆண்டு 4 மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் இடுபணி கொடுத்தேன். "நம் பேராக் மாநிலத்தோடு தொடர்புடைய பழைய பொருள் ஒன்றை இணையத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத் தொகுப்பில் தேடுங்கள். அதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி வாருங்கள்." இவ்வளவுதான். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்த வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். பெரிய எழுத்தை முகத்தருகே கொண்டுபோனால் கொஞ்சம் தெரியும். மற்றதற்கெல்லாம் திறன்பேசியில் உள்ள திரைவாசிப்பான்தான் துணை. திரையில் உள்ள எழுத்தை அது குரலாக வாசித்துக் காட்டும். இரண்டு நாள் கழித்து, பள்ளி முடிந்து அழைத்துப் போக வந்த அம்மாவின் திறன்பேசியை வாங்கி என்னிடம் நீட்டினாள். "டீச்சர், நீங்களே கேளுங்க."

கேட்டேன். "படம். படம். பூஜ்யம் பூஜ்யம் நான்கு ஏழு, புள்ளி, ஜேபிஜி. படம்."

"இதுல என்னதான் டீச்சர் இருக்கு?"

திரையைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு மண் கிண்ணம். கீழே ஆங்கிலத்தில் 'ரப்பர் கிண்ணம்' என்று இரண்டே சொல், ஒரு பதிவெண். நான் சொன்னேன்: "இது மங்கு'மா. பால் வெட்டுறப்போ மரத்துல மாட்டுவாங்களே, அந்த மங்கு."

அவள் முகம் மாறிவிட்டது. "மங்கா? எங்க பாட்டி வீட்ல ஒண்ணு இருக்கே டீச்சர்! அதுல ஆணி போட்டு வெச்சிருக்காங்க!"

கையில் எடுத்து விளையாடிய பொருள். அதை அருங்காட்சியகத்தின் பக்கத்தில் அவளால் அடையாளம் காண முடியவில்லை. குறை அவள் கண்ணில் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் அவளைப் போன்ற ஒரு வாசகர் வருவார் என்று நினைக்கவே இல்லை. இடுபணி கொடுத்த நானும் நினைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அது எந்த அருங்காட்சியகம் என்று எழுதப் போவதில்லை. ஒரே இடத்தின் தவறு என்றால் பெயர் சொல்லலாம். இது பரவலாக உள்ள பழக்கம்.

கதவு திறந்தது, யாருக்கு?

நம் மாநிலத்துக்கு இந்தத் துறையில் நீண்ட வரலாறு உண்டு. தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகம் 1883-இல் தொடங்கியது; நாட்டிலேயே பழமையானது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் ஈப்போவிலிருந்து லெங்கோங் போக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சக்கர நாற்காலியில் உள்ள பிள்ளையை ஏற்றிச் செல்ல ஏற்ற பேருந்து, ஏற்ற கழிவறை, உடன் வர ஓர் ஆள் என்று கணக்குப் போட்டாலே பல பள்ளிகள் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று விட்டுவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இணையத் தொகுப்பு பெரிய வரம். அதில் சந்தேகமே இல்லை.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் மூடப்பட்டன. உடனே எல்லாரும் இணையத்துக்கு ஓடினார்கள். மெய்நிகர் சுற்றுலா, 360 பாகைப் படம், முப்பரிமாண உருவம் என்று வரிசையாக வந்தன. நாமும் இணைப்புகளைப் புலனத்தில் பகிர்ந்தோம். "வீட்டிலிருந்தே அருங்காட்சியகம்!" என்று மகிழ்ந்தோம்.

இப்போது அந்த மெய்நிகர் சுற்றுலா ஒன்றை நீங்களே திறந்து, கணினியின் சுட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் வைத்து உள்ளே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். அம்புக்குறியைச் சொடுக்க வேண்டும், படத்தை இழுத்துத் திருப்ப வேண்டும். கை நடுக்கம் உள்ளவரும், சுட்டி பிடிக்க இயலாதவரும், பார்வையற்றவரும் அங்கேயே வெளியேறிவிடுகிறார்கள்.

எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுவதும் இதே கதைதான். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் சுமார் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண உருவங்களையும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் உரிமையைத் திறந்துவிடுவது வேறு, எல்லாரும் அணுகும்படி தருவது வேறு. விளக்கம் இல்லாத படங்கள் பத்து இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் என் மாணவிக்குக் கேட்பது 'படம், படம்' என்பது மட்டுமே.

விளக்கம்தான் பொருள்

இணைய அணுகலுக்கு உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறிமுறை இருக்கிறது. டபிள்யூ3சி அமைப்பு அதை வெளியிடுகிறது, 2.0 பதிப்பு 2008-இல் வந்தது, 2.2 பதிப்பு 2023-இல் வந்தது. அதில் உள்ள அடிப்படைகள் நமக்குப் புரியாதவை அல்ல. படத்துக்கு மாற்றுரை வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிமாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். விசைப்பலகையால் மட்டுமே எல்லா இடமும் போக முடிய வேண்டும். காணொலிக்கு வசன வரிகள் வேண்டும். பக்கம் எந்த மொழி என்று நிரலில் குறித்திருக்க வேண்டும்.

இவற்றில் பலவற்றை ஒரு நிரலாளர் உட்கார்ந்தால் சில நாளில் சரிசெய்துவிடலாம். மாற்றுரையை மட்டும் அவரால் எழுத முடியாது. பொருளைத் தெரிந்தவர், மொழி தெரிந்தவர் எழுத வேண்டும். நிரலில் மாற்றுரைக்கு ஓர் இடம் ஒதுக்கி அதில் 'படம் 47' என்று நிரப்பிவிட்டால் சோதனைக் கருவி 'தேர்ச்சி' என்று பச்சை விளக்கு காட்டும். பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. என் பெரிய குற்றச்சாட்டே இதுதான்: அணுகல் என்பதை நாம் கணினி வேலையாக நினைத்து ஒதுக்கிவிட்டோம். பாதிக்கு மேல் அது எழுத்து வேலை.

இதைப் புரிந்துகொண்ட இடங்களும் உண்டு. சிகாகோவின் தற்காலக் கலை அருங்காட்சியகம் 'கயோட்டி' என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்தியது. அங்குள்ள பணியாளர்களே படங்களுக்கு விளக்கம் எழுத, ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் முறை அது. நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகம் பட விளக்கம் எழுதுவது எப்படி என்று வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. இணையத்துக்கு வெளியே பார்த்தால், புது டில்லி தேசிய அருங்காட்சியகம் 2015-இல் 'அனுபவ்' என்ற தொட்டுணரும் காட்சிக்கூடத்தைத் திறந்தது. அங்கே 22 பொருள்களின் நகல்களைக் கையால் தடவிப் பார்க்கலாம். 'அருங்காட்சியகம் என்றால் கண்ணால் பார்ப்பது' என்ற எண்ணத்தையே இவை கேள்வி கேட்கின்றன.

பேராக் மனிதனின் இடது கை

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பேராக் மனிதனைப் பற்றி வகுப்பில் பேசாத ஆசிரியர் இருக்க மாட்டார். 1991-இல் லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில், சூரைனா மஜிட் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த எலும்புக்கூடு. வயது சுமார் 10,000 முதல் 11,000 ஆண்டு.

இந்தப் படத்துக்கு 'பேராக் மனிதன் எலும்புக்கூடு' என்று மாற்றுரை எழுதினால் போதுமா? சட்டப்படி போதலாம். ஆனால் அந்தப் படத்தில் உள்ள செய்தியே வேறு. அவர் கால்களை மார்போடு மடக்கி, கருவில் உள்ள குழந்தைபோல் கிடத்தப்பட்டிருந்தார். கூடவே கற்கருவிகளும் நத்தை ஓடுகளும் விலங்கு எலும்புகளும் இருந்தன. முக்கியமான செய்தி இன்னொன்று: அவருக்குப் பிறவியிலேயே உடற்குறை இருந்தது. விரலின் நடு எலும்புகள் குட்டையாக அமையும் மரபுக் குறைபாடு. இடது கை பாதிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் நடுத்தர வயதுவரை வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் அவரது கூட்டத்தார் அவரை அக்கறையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நம் மாநிலத்தின் மிகப் புகழ்பெற்ற மனிதர் ஒரு மாற்றுத்திறனாளி! நம்மில் எத்தனை பேர் இதை வகுப்பில் அழுத்திச் சொல்லியிருக்கிறோம்? சிறப்புக் கல்வி வகுப்பில் உள்ள ஒரு பையன் இதைக் கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? 'எலும்புக்கூடு' என்ற ஒற்றைச் சொல் பார்வையற்ற மாணவனிடமிருந்து மறைப்பது இந்தச் செய்தியைத்தான். விளக்கம் இல்லாவிட்டால் பார்வையுள்ள மாணவனுக்கும் அது தெரியாது. அந்த இடது கையைக் கூர்ந்து பார் என்று யாரும் சொல்லாவிட்டால் அவன் கண்ணும் தாண்டிப் போய்விடும். மாற்றுத்திறனாளிக்காக எழுதும் விளக்கம் எல்லாருக்கும் பயன்படுவது இப்படித்தான்.

எந்தச் சொல்லால் விளக்குவது?

விளக்கம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் பழைய அஞ்சலட்டைகளும் ஒளிப்படங்களும் வெளிநாட்டுத் தொகுப்புகளில் நிறைய உள்ளன. அன்றைய துரைமார் காலத்துத் தலைப்பு அப்படியே இருக்கும்: 'டாமில் கூலீஸ்'. பார்ப்பவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலைப்பைத் தாண்டிப் போகலாம். திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அந்தத் தலைப்பு மட்டுமே கிடைக்கிறது. தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றி அந்தப் பக்கம் அவளுக்குச் சொல்லும் ஒரே சொல் 'கூலி'. படத்தில் அந்த அம்மா தலையில் துணி கட்டி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியோடு வெறுங்காலில் நிற்பது அவளுக்குத் தெரியாது. பழைய தலைப்பை அழிக்கச் சொல்லவில்லை. அதுவும் ஒரு வரலாற்றுச் சான்று. அதைப் பழைய தலைப்பு என்று குறித்துவிட்டு, பக்கத்தில் உள்ளதை உள்ளபடி நல்ல சொல்லால் விளக்க வேண்டும் என்கிறேன்.

"இப்பதான் செயற்கை நுண்ணறிவு வந்தாச்சே டீச்சர், அதுவே எழுதிடும்" என்று ஓர் இளம் ஆசிரியர் சொன்னார். முயன்று பார்த்தேன். மாணவியின் பாட்டி வீட்டு மங்கைப் படம் எடுத்து ஒரு செயலியிடம் கொடுத்தேன். 'மேசை மேல் பழுப்பு நிறக் கிண்ணம். சூப் குடிப்பதற்கானதாக இருக்கலாம்' என்றது. நிறம் சரி, வடிவம் சரி, பொருள் மட்டும் தவறு. ஆயிரக்கணக்கான படத்துக்கு முதல் வரைவு எழுத அது உதவலாம். ஆனால் மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, லயம், ஆயாக் கொட்டகை, கித்தாக் காடு என்ற சொற்கள் நம் தாத்தா பாட்டிகளின் வாயில்தான் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வேறு பயிருக்கு மாறியும் மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கம் பெயர்ந்து வெகு நாளாகிவிட்டது. அந்தச் சொற்களைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விளக்கம் எழுதுவதை இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

காது கேளாத பிள்ளைகளின் நிலையும் இதேதான். முதியவர்களின் தோட்ட நினைவுகளைக் காணொலியாகப் பதிவேற்றுகிறோம். வசன வரி போடுவதில்லை, அல்லது தானாக வருவதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஒருமுறை எனக்கு 'பெரட்டு' என்பது 'பரோட்டா' என்று வந்தது! சிரித்துவிட்டேன். அதை வாசித்துத்தான் பாடம் புரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்கு அது சிரிப்பு இல்லை. காலை ஐந்தரைக்குப் பரோட்டாவுக்கு வரிசையில் நின்றார்கள் என்றுதான் அவன் எழுதி வருவான்.

நம் வீட்டு அழுக்கு

அருங்காட்சியகத்தை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்தபோது என் சொந்தப் பயிற்றிகளைத் திரைவாசிப்பானில் போட்டுக் கேட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. பெரும்பாலானவை தாளை ஒளிவருடி எடுத்த பிடிஎஃப். அதில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. கருவி மௌனமாக இருந்தது.

பழைய கோப்புகள் இன்னும் மோசம். ஒருங்குறிக்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழ்போல் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று நான் தட்டிய சொல்லை அது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வாசித்தது. தமிழாசிரியை தயாரித்த தாளில் 'அம்மா'வே இல்லை!

நம் சங்கத்தின் இந்த வளத் தொகுப்பிலும் இதே குறை உண்டு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அறிவிப்புகளை அழகான சுவரொட்டியாகப் போடுகிறோம். தேதியும் இடமும் நேரமும் படத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன. நம் உறுப்பினர்களிலேயே பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் இருந்தால் அவருக்கு நம் கூட்டம் எப்போது என்று தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, தகவல் தொடர்பிலும் கலாசார வாழ்விலும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான அணுகல் உரிமை உண்டு என்கிறது. மலேசியச் சைகை மொழியையும் ஏற்கிறது. 2010-இல் நம் நாடு ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. அதன் 30-ஆவது விதி கலாசாரப் பொருள்கள் அணுகக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டம் 685-ஐ மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. அதனால் சட்டத்தைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது. கேட்டுப் பெற வேண்டும். நாமே செய்தும் காட்ட வேண்டும்.

நாம் எழுதினால் என்ன?

தமிழ்ப்பள்ளியில் நாம் ஆண்டு முழுதும் செய்கிற வேலை என்ன? படத்தைக் காட்டி வாக்கியம் அமைக்கச் சொல்வது. பட விளக்கம் எழுத வைப்பது. மாற்றுரை என்பது இதேதான்! இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்?

நானும் என் வகுப்பும் சேர்ந்து மங்குக்கு எழுதியதை இங்கே தருகிறேன். முதலில் ஒரு வரி மாற்றுரை: "பால் மங்கு, கித்தாப் பால் பிடிக்கும் பழுப்பு நிற மண் கிண்ணம்." பிறகு விரிவான விளக்கம்:

"உள்ளங்கையில் அடங்கும் மண் கிண்ணம். வாய் அகலம், அடி குறுகல். உள்ளும் வெளியும் அடர் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான பூச்சு. விளிம்பில் ஓரிடத்தில் நகம் அளவு உடைந்திருக்கிறது. உட்புறம் காய்ந்த பால் மஞ்சள் நிறத் தோலாக ஒட்டியிருக்கிறது. நகத்தால் இழுத்தால் ரப்பராக நீளும். மரத்தைச் சுற்றிய கம்பியில் இதை மாட்டுவார்கள். வெட்டிய பட்டையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக இதில் விழும்."

'நகத்தால் இழுத்தால் நீளும்' என்ற வாக்கியம் அந்த மாணவி சொன்னது. பார்வையுள்ள முப்பது பேரும் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள்தான் தொட்டுப் பார்த்து அதைச் சொன்னாள். எந்த அருங்காட்சியகப் பக்கத்திலும் நான் வாசிக்காத வாக்கியம் அது.

எழுதும்போது நாங்கள் கற்றுக்கொண்டவை சில. முதலில் அது என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். பிறகு அளவு, வடிவம், நிறம், நிலை. அளவைக் கைக்குத் தெரிந்த பொருளோடு ஒப்பிடலாம். 'அழகான', 'அரிய' என்ற சொற்கள் எதையும் காட்டுவதில்லை. படத்தில் உள்ளவர் சோகமாக இருக்கிறார் என்று நாமே முடிவு செய்யாமல், தலை குனிந்திருக்கிறார் என்று உள்ளதைச் சொன்னால் போதும். எழுதியபின் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் அதைத் தாளில் வரைய முடிந்தால் விளக்கம் தேறிவிட்டது.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரே ஒரு தோட்டத்துப் பொருளை எடுத்து, ஒரு தாத்தாவையோ பாட்டியையோ கேட்டு, தமிழிலும் மலாயிலும் விளக்கம் எழுதினால் ஓராண்டில் 134 விளக்கம். அதை அருங்காட்சியகங்களுக்கு அனுப்பி, 'உங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கலாம். வெறும் புகார்க் கடிதத்தைவிட எழுதி முடித்த விளக்கம் கூடவே போனால் மறுப்பது கடினம்.

அதற்கு முன் இன்றே செய்யக்கூடியவை மூன்று. உங்கள் திறன்பேசி அமைப்பில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய்த் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சொந்தப் பயிற்றி ஒன்றைக் கேளுங்கள். கணினி என்றால் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கியது, தமிழையும் வாசிக்கும். அடுத்து, பழைய பிடிஎஃப் ஒன்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்து ஓரளவு மீண்டு வரும். பிழை திருத்திச் சேமியுங்கள். மூன்றாவது, இந்தத் தொகுப்புக்கு இனி எந்தப் படம் அனுப்பினாலும் அதன் கீழே இரண்டு வரி விளக்கம் சேர்த்து அனுப்புங்கள். விளக்கம் இல்லாத படத்தைத் திருப்பி அனுப்பும்படி தொகுப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். என் படம் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

அந்த மாணவி இப்போது ஆண்டு 5. போன வாரம் நடைபாதையில் என்னை நிறுத்தி, "டீச்சர், அந்த மியூசியத்துல மங்கு பத்தி மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். எங்கள் விளக்கத்தை அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை என்றேன்.

"அப்போ இன்னொரு தடவை அனுப்புவோம் டீச்சர்" என்றாள்.